என் பெயரில் ஒரு டேர்ட் பைக்

மே 6, செவ்வாய்

கார்ப் பத்திரம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி, மருமகன் மண்பாதையில் ஓடும் தன் டேர்ட் பைக்கை என் பெயரில் பதிந்துவிட்டார். இன்று கராஜில் பதிவுப் பத்திரத்தைக் கண்டேன்.

"மாமா, உது சும்மா பேப்பர். காட்டுப் பாதையில மட்டும்தான் ஓடுறன்."

"ஏன் ஐசே, உமக்குப் பேரில்லையோ?"

"என்ர பேரில இன்சூரன்ஸ் தரமாட்டாங்கள் மாமா."

ஏன் என்று கேட்டேன். ஹெல்மெட்டைத் துடைக்கத் தொடங்கினார். மகள் உள்ளே இருந்து, "அப்பா, பொலிஸ் விசாரணை முடிஞ்சுதோ? சாப்பிட வாங்கோ" என்று சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது.

இந்த நாட்டுச் சட்டத்தை ஆங்கில அகராதியோடு நானே வாசித்தேன். காப்புறுதி இல்லாமல் சொந்தக் காணிக்கு வெளியே ஓடவிட்டால் உரிமையாளரும் குற்றவாளி. காப்புறுதிக்காரரிடம் ஓட்டுபவர் யார் என்று மருமகன் சொன்னாரோ? நான் என்றா, இந்த முழங்காலோடு? முப்பது வருடத்தில் ஒரு அபராத டிக்கெட்கூட வாங்காத பெயர் இது.

நாளைக்கே அவர் பைக்கைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விற்க வேண்டும். காப்புறுதி ஏன் கிடைக்கவில்லை என்பதை மகளிடம் அவரே சொல்ல வேண்டும். அதுவரை பைக்கைப் பூட்டித் திறப்பை நான் வைத்திருக்க வேண்டும். அதை அவருக்காகக் கேட்டு மகள் என் அறைக்கு வரக் கூடாது. வந்தால் நான் கதவைத் திறக்கக் கூடாது; திறந்தால் கொடுத்துவிடுவேன்.