பனியனில் இருக்கும் பெயர்

18.11.1997, செவ்வாய்

எங்கள் தலைமையாசிரியர் நாளை நான்கு பையன்களின் உயிரோடு விளையாடப் போகிறார். எங்கள் பள்ளிப் படகை ஏரியில் ஓட்டிக் காட்டும் விழா நாளைக்கு; மழையில் ஏரி நிரம்பிக் கிடக்கிறது. துடுப்புப் போட நான் பழக்கிய நால்வரில் முருகனுக்கு மட்டும்தான் நீச்சல் தெரியும். அணைக்கட்டுப் படகுத்துறையில் கெஞ்சி நான் வாங்கி வந்த லைஃப் ஜாக்கெட்டுகளை அவர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

“படகு வாங்கித் தந்தவரு பேரு பனியன்ல இருக்குது. மேல இதை மாட்டினா போட்டோல பேரே தெரியாது சார்” என்றார்.

“பசங்க முழுகிட்டா?”

“வாயைக் கழுவுங்க சார். அவரு நேர்ல வர்ற நாளு.”

பையன்கள் புதுப் பனியனை நெஞ்சோடு அணைத்தபடி கிளம்பினார்கள். குமார் மட்டும் திரும்பி வந்தான். “நாளைக்கு ஜாக்கெட் குடுப்பீங்கல்ல சார்?”

தலைமையாசிரியர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தேன்.

“பீரோ சாவியைக் குடுங்க சார்.”

அவர் வண்டியை முறுக்கினார்.