ஓடைப் பாறையில் செம்பாசி

முருகன் திருவடியே துணை.

மன்னவனூர்

சௌபாக்கியவதி குப்பம்மாளுக்கு அநேக ஆசிகள். நான் நலம். உன் மூச்சிரைப்பு தணிந்ததா?

கவலைப்படும்படி ஒன்றுமில்லை, ஆயினும் வெட்கமாக இருக்கிறது. நான் சமைத்துப்போடும் ஆய்வுக் குழுவினர், கிளாவரைக் கிராமம் வரை ஓடை ஓடையாகத் தேடி, எங்கள் விடுதியருகே ஒரே ஒரு பாறையில் அரிய செம்பாசியைக் கண்டிருந்தார்கள். அவர்கள் பேசியதைக் கேட்டிருந்தும், நான் குளிக்கும் பாறையிலுள்ள செங்கறைதான் அது என்று எனக்குத் தோன்றவில்லை. கார்த்திகையன்று நீராடி, வேலினை நிறுத்திப் பூசிக்க, அந்தப் பாறையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

"எந்த டூரிஸ்ட் பாத்த வேலையோ!" என்று ஃபெமினா என்னும் ஆய்வாளப் பெண் கலங்கியபோது, நெற்றி நிறைய நீற்றோடு அடுப்படிக்கு நழுவினேன். உணவு பரிமாறும்போதுதான் அது என் வேலை என்று சொன்னேன்.

"ஏங்கய்யா, மலையேறுற உங்க முருகன் பாசியிலயா வழுக்கி விழப்போறாரு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை.

முருகன் வளர்த்ததை அழுக்கென்று தேய்த்துவிட்டு, அவனையே கும்பிட்டிருக்கிறேன். முழங்கால் வலியால் நான் குனிய முடியாத அடிப்புறத்தில் சிறிது மிஞ்சியிருக்கிறதாம். அது படர வேண்டும்.

இனி ஓடையில் இறங்கேன். கரையில் மொண்டு குளிக்க நம் பித்தளைச் செம்பை அனுப்பு. உன் கைப்பட இரண்டு வரியும் எழுது. உலை கொதிக்கிறது, முடிக்கிறேன்.

நீயும் நம் வீட்டாரும் குறைவின்றி வாழ அவன் அருள்வானாக.

மயில்சாமி