பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது

லப்பைக்குடிக்காடு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

எப்போதும் மாமி சொல்லச் சொல்லத்தான் உங்களுக்கு எழுதுவேன். இன்று அவர்களுக்குத் தெரியாமல் நானாக எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

துபாயிலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம் வந்தது. கல்யாணமாகி வந்த நம் முதல் நோன்பில், நோன்பு திறக்கும் நேரத்தில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து என் கையில் ஒரு பழத்தைத் திணித்தீர்களே, நினைவிருக்கிறதா? நான் வெட்கத்தில் அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். மாமி பார்த்துவிட்டார்கள். "ஏண்டா, காலேஜ் படிச்ச புள்ளைக்கும் எடுத்துக் குடுத்தாத்தான் திங்கத் தெரியுமா?" என்று சிரித்தார்கள்.

இந்த முறை மாமி ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. மடியில் வைத்து முகர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். பேரீச்சை, வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றையும் பெரம்பலூர் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அவற்றில் உள்ள பொட்டாசியம் தசைக்கும் இதயத்துக்கும் வேண்டியது. வெயிலில் உழைக்கும் நீங்கள் சாப்பிடுங்கள். ஆனால் மாமியின் பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியவில்லை. இரத்தத்தில் சேர்ந்துவிட்டால் இதயமே நின்றுவிடலாமாம். கீரையைக்கூட வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கொஞ்சம் கொடுக்கிறேன்.

"எம் மவன் அனுப்புனதுல ஒண்ணு தின்னா மௌத்தாயிடுவேனா?" என்று நேற்றுக் கேட்டார்கள். நான் பழ டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். கொஞ்சநேரம் கழித்து, "தின்னேன், நல்லா தித்திப்பா இருந்துச்சுன்னு எழுதிடு புள்ள" என்றார்கள். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

பெருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதுவரை பொறுக்க வேண்டாம் மச்சான். இதைப் படித்ததும் புறப்பட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி