சிவப்புத் தரையில் உன் இடது கால்

குன்னூர்,
தை மாதம்.

அன்பு மகன் வினோத்துக்கு,

இங்கே நான் நலம். குளிருக்கு முழங்கால் முனகுகிறது, அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. நீ நலமா என்பதை இந்த முறை கடிதத்தின் முதல் வரி என்பதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். இடது காலில் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா, விரல்களை அசைக்க முடிகிறதா, படுக்கும்போது அந்தக் காலில் சூடோ குளிரோ வித்தியாசமாகத் தெரிகிறதா, எல்லாவற்றையும் விவரமாக எழுது. போனில் ஓகேம்மா என்று சொல்லி முடித்துக்கொள்வது எனக்குப் போதாது. மருமகள் ஜெயஸ்ரீக்கு இதை இப்போது படித்துக் காட்டாதே, அவள் பயந்த சுபாவம்.

இந்த வருடம் உறைபனி அதிகம். இத்தலாரில் உஷாவின் அண்ணன் போட்டிருந்த உருளைக்கிழங்குச் செடி முழுக்கக் கருகிவிட்டது. உஷா என்றால் நம் கீழ்ப் போர்ஷனில் குடியிருப்பவள், அருவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வடிவேலுவின் மனைவி. நல்ல பெண்தான், பாத்திரம் கழுவுவதில் மட்டும் அவசரம். அவள்தான் போன மாதம் வந்து, அம்மா, நீங்க முன்னாடி குடியிருந்த மேட்டு பங்களாவை இப்ப மியூசியம் ஆக்கிட்டாங்களாமா, போலாமுங்களா என்று கேட்டாள். நீ பத்து வயதுவரை வளர்ந்த வீடு. நாம் காலி செய்த பிறகு சொந்தக்காரர்களின் வழக்கில் இழுபட்டுப் பூட்டிக் கிடந்தது. டாக்டர் தாயாரம்மாள் பிறந்து பன்னிரண்டு வயதுவரை அங்கேதான் இருந்தார் என்பது உனக்கும் தெரியும், வாசலில் ஒரு கல்லில் பொறித்திருந்ததே. எஸ்டேட் எஸ்டேட்டாகக் குதிரையில் போய் அம்மைத் தடுப்பூசி போட்ட டாக்டர். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் இன்றைக்கும் அவர் படத்தைச் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறார்கள். ஒரு அறக்கட்டளை வீட்டை வாங்கி, அவர் சிறுமியாக இருந்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி அமைத்திருக்கிறது. சும்மா பார்த்துவிட்டு வரும் இடம் இல்லை. இருட்டில் நடக்கவிடுகிறார்கள். நாம் போகப் போக அந்த அறை விழித்துக்கொள்கிறது. பேச்சுக் குரல், வாசனை, சுவரில் ஆட்களின் நிழல், எல்லாம் இயந்திரம்.

செருப்பைக் கழற்றச் சொல்லிக் கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள். வழிகாட்டி ஒரு சின்னப் பெண், ராஜப்ரியா என்று பெயர், தெளிவான உச்சரிப்பு. முன்னறையில் பனிமூட்டம் போல் புகை ஊதினார்கள். வெளியே நிஜப் பனிமூட்டம் சும்மா நிற்கும்போது எதற்கு என்று கேட்டேன், அவள் சிரித்தாள். திரைச்சீலை ஜன்னலுக்கு ஒரு சாண் குட்டையாக இருந்தது, அதையும் சொன்னேன். அதுவரை எனக்கு ஒன்றும் இல்லை. சாப்பாட்டு அறைக்குப் பிறகு முழு இருட்டு, தரையோரம் ஒரு பொட்டு வெளிச்சம் தவிர. இங்க ஒரு படி எறங்கணும், பாத்து வாங்க என்று ராஜப்ரியா சொல்வதற்கு முன்பே என் கால் இறங்கிவிட்டது. மற்றவர்கள் தடுமாறினார்கள். நாற்பது வருடம் ஆகியும் பாதம் மறக்கவில்லையே என்று எனக்குள் கொஞ்சம் பெருமைதான். நம் சமையலறை அது. கார்பாலிக் சோப்பும் யூகலிப்டஸ் தைலமும் கலந்த வாசனை. கொல்லைக் கதவு பக்கமிருந்து ஒரு குழந்தையின் காலடி ஓடி வந்தது. வெறுங்கால். அடுப்பு மேடையைச் சுற்றி வந்து எனக்கு நேர் எதிரில் நின்றது. மூச்சு வாங்கும் சத்தம் என் முழங்கால் உயரத்தில் கேட்டது. பிறகு அம்மா என்று ஒரு குரல். என்னடா கண்ணு என்று நான் சத்தமாகவே பதில் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆயா, அது டேப்புங்க என்று யாரோ ஒரு பையன் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் குழந்தையின் குரல் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் பதில் சொன்ன பிறகு அந்த மூச்சுச் சத்தம் நின்றுபோனது, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டதுபோல. அதன் பிறகுதான் மேலிருந்து ஒரு வெளிச்சம் தரையில் விழுந்தது. வெளிச்சத்தில் உன் கால் இருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்காது, மூன்று வயது. விரிசல் விட்ட கல் தரையை மாற்றிச் சிவப்பு சிமெண்ட் பூசி, மேஸ்திரி குறுக்கே பலகை போட்டுவிட்டுப் போனார். நீ பலகையைத் தாண்டிக் குதித்தாய். ஒரே ஒரு தடம், இடது கால், இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டிய விரல்களோடு. மேஸ்திரி தேய்த்து மூடப் போனபோது, விடுங்க மேஸ்திரி, இந்த அளவுக் கால் இவனுக்கு இனிமே வரப்போறதில்லையே என்று உன் அப்பா தடுத்துவிட்டார். தரை துடைக்கும்போதெல்லாம் அந்தக் குழியில் தண்ணீர் தங்கும், துணி முனையால் ஒட்டிய விரல் பள்ளத்தைத் தனியாக ஒற்றி எடுப்பேன். அதே தடத்தைச் சுற்றி இப்போது பித்தளை விளிம்பு. மேலே செவ்வந்திப் பூ. குதிகாலுக்குப் பின்னால் ஓர் எண்ணெய் விளக்கு, ஒற்றைத் திரி, தெற்கைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. இது தாயாரம்மா குழந்தையில மிதிச்ச தடமுங்க, ரெண்டு விரல் ஒட்டியிருக்கு பாருங்க, அது பிறவி ராசி என்று ராஜப்ரியா சொன்னாள். உஷா குனிந்து உன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெளியே வந்தால் தோட்டத்தில் டாக்டரின் வெண்கலச் சிலை, வெறுங்காலோடு. கிட்டே போய்ப் பார்த்தேன். சிலையின் இடது காலிலும் உன் விரல்கள்.

வரும் வழியெல்லாம் உஷா என்னைக் கோபித்துக்கொண்டாள். இருட்டுக்குள்ள ஒருக்கா கூப்பிட்டா பதில் சொல்லுவாங்களாம்மா, ரெண்டாவது தடவை கூப்பிட்டாத்தான் மனுசன், ஒத்தைக் குரலுக்கு வாய் திறக்கக் கூடாதுங்க, படிச்சவங்களுக்கு இது தெரியாதுங்களா என்றாள். கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு மூடநம்பிக்கை பாவம் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் இத்தனை வருடம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அன்றிரவு படுத்தபோது ஒன்று தோன்றியது. மியூசியத்தைத் திறந்து அந்த விளக்கை ஏற்றியது கார்த்திகையில். நீ கனடாவில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து அந்தக் காலை முறித்துக்கொண்டதும் கார்த்திகையில். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தெற்கு பார்த்து விளக்கு வைத்து, செத்தவர்களுக்குச் செய்வதை உயிரோடு இருக்கும் என் பிள்ளைக்குச் செய்கிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மறு வாரம் தனியாகப் போனேன். பொறுப்பாளர் வெற்றிச்செல்வன் மரியாதையான ஆள். உட்கார வைத்து, அது உன் கால் தடம் என்று நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, ஏனுங்கம்மா, ஆதாரம் ஏதாச்சும் இருக்குங்களா என்றார். ஆதாரம் கனடாவில் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறது, கோடை லீவில் வரவழைத்துக் காட்டுகிறேன் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். உடனே எழுந்து அறை அறையாக அழைத்துப் போய்க் காட்டினார். உன் அப்பா கூடத்தில் அடித்த நீல டிஸ்டெம்பரைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். நான் ஊறுகாய் ஜாடி வைத்த அலமாரியைப் பெயர்த்துவிட்டார்கள். டாக்டர் குடும்பம் போனதுக்கப்புறம் வந்தது எதுவுமே இந்த ஊட்டுல இருக்கக் கூடாதுன்னு விதிங்கம்மா, நீங்க சொல்றது நிசமுன்னா சமையல்கட்டுத் தரையை ஒடைச்சுட்டுப் பழைய கல்லே பரப்பிருவோமுங்க என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, வருத்தப்படாதீங்க, அந்தக் கால் இருக்கற துண்டை மட்டும் தனியா வெட்டி உங்களுக்குக் குடுக்கச் சொல்றேனுங்க என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு மடியில் ஒரு கனம் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது, சாக்கில் சுற்றிய, கணுக்காலுக்குக் கீழே அறுத்த உன் கால்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். யோசித்துப் பார்த்தால் அது இந்த வீடு இல்லை, பக்கத்து வெலிங்டனில் நாங்கள் இருந்த வேறு வீடு, நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். உன் அம்மா தப்பு என்று ஒப்புக்கொண்டு நீ என்றைக்காவது கேட்டிருக்கிறாயா? செய்யாத தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு, நினைவு தப்பிய கிழவிகளிடம் பேசும் குரலில், பரவால்லீங்கம்மா, டீ குடிங்க என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் உறுத்துகிறது. டீயைக் குடித்துவிட்டு, எழுந்திருக்கும்போது சொல்வதுபோல், சிவப்பு சிமெண்டில் எண்ணெய் சொட்டினால் உள்ளே ஊறிக் கறுத்துவிடும், எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது, விளக்கு அங்கே இருந்தால் இரண்டே மழைக்காலத்தில் தடம் பாழ் என்றேன். அது முழு உண்மை. அவர் பதறிவிட்டார். உள்ளே போனார், நானும் பின்னால் போனேன். என் கண் முன்னாலேயே திரியை அணைத்து விளக்கை எடுத்து வெளியே வைத்தார்.

பூ மட்டும் இருக்கிறது. பூ இருக்கட்டும், பிறந்தநாளுக்கும் பூ வைக்கிறோம் அல்லவா. அப்போது கீழ் கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் உள்ளே வந்தாள், இடுப்பில் நாலு வயதுச் சிறுமி, ஒரு கால் சூம்பியிருந்தது. அங்கே தினமும் இப்படி வருகிறார்களாம். அவள் குழந்தையை இறக்கி, அந்தக் காலை உன் தடத்துக்குள் பதித்து, தாயாரம்மா, இவளை ஓட வெச்சிரு ஆத்தா என்றாள். நான் இருட்டில் நின்றேன். உன் காலில் இருந்து அந்தக் குழந்தைக்குக் கொஞ்சம் பலம் போனால் உனக்குக் குறைந்துவிடுமோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன், வினோத். வெட்கமாக இருந்தது. பிறகு, எடுத்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து இயந்திரம் ஓட ஆரம்பித்தது. காலடி கொல்லைப் பக்கமிருந்து வந்து, அந்த இருவரையும் தாண்டி, நேராக என்னிடம் வந்து நின்றது. அம்மா என்றது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மூச்சு முழங்கால் அருகில் வெகுநேரம் காத்திருந்தது. இரண்டாவது தடவை கூப்பிடவில்லை.

அந்தத் தடத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாதே, உன் பழைய பள்ளி நண்பர்களிடமும்தான். கோடையில் வரும்போது அந்த வீட்டுக்குப் போகலாம், ஆனால் சாக்ஸைக் கழற்றக் கூடாது. படிக்கட்டில் பனிக்கட்டி இருந்தால் உப்புத் தூவச் சொல்லு, கைப்பிடியைப் பிடித்து இறங்கு. நல்லெண்ணெயைச் சூடு செய்து கணுக்காலில் தேய்க்க ஜெயஸ்ரீயிடம் சொல். உன் கால் இனி உனக்கு மட்டும் சொந்தம் இல்லை, அதனால் கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராது, நீண்ட ஆயுசோடு நடமாடிக்கொண்டிருப்பீர்கள், உன் அப்பாவின் ஆசியும் அதில் சேர்த்தி.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. போனில் நீ அம்மா என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நான் பேசுவதற்காகக் காத்திருப்பாய், அது உன் பழக்கம். இனிமேல் இரண்டு தடவை கூப்பிடு. ஒரு தடவைதான் கேட்டது என்றால், உன் குரல் என்று தெரிந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் அன்பு அம்மா,
மகாலட்சுமி