இவர் கண்ணிலும் மஞ்சள்

ஒக்டோபர் 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். எதிர் மலை தெரியவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நான் பார்த்துக்கொள்ளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்று மூக்கு ஒழுகல், துடைத்தே கை ஓய்ந்துவிட்டது.

வீட்டுக்காரர் இன்றும் வேலைக்குப் போகவில்லை. சோறு பிடிக்கவில்லை. வெளிச்சத்தில் பார்த்தேன், கண் மஞ்சள். போன வருஷம் இவர் அண்ணன் சாகும்போது இருந்த அதே கண்.

குழாயடியில் பெண்கள் பேச்சு: "அண்ணன்காரன் குடிச்சே செத்தான். இவனும் ஒளிச்சுக் குடிக்கிறான் போல." இவர் தொடுவதே இல்லை. இருந்தாலும் சட்டையை மோந்து பார்த்தேன். வெட்கக்கேடு.

பக்கத்து வீட்டில் இருக்கும் அக்கா, செத்துப்போன அண்ணனின் பெண்டாட்டி, கஞ்சி கொண்டு வந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பொழுது சாய, கோயில் பூசாரி தந்த கஷாயத்தை இவருக்குக் கொடுத்தேன். செத்த அண்ணன் தம்பியைக் கூப்பிடாமல் இருக்க. இரண்டு மாதமாகக் கொடுக்கிறேன். வெளியே சொன்னால் காவல் உடைந்துவிடுமாம். அக்காவுக்குக்கூடத் தெரியாது.

ஒக்டோபர் 9, புதன்

பதுளை ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் இவர் தூங்கிக்கொண்டே "வர்றேண்ணே" என்றார். இறங்கும்வரை பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 11, வெள்ளி

ரிப்போர்ட். டாக்டரம்மா நன்றாகத் தமிழ் பேசுகிறார். ஏஎஸ்டி, ஏஎல்டி என்று ஈரலுக்குள் இருக்க வேண்டிய என்சைம்கள், ஈரல் கெட்டால் ரத்தத்தில் கலக்குமாம்.

"குடிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் ஏஎஸ்டிதான் கூட இருக்கும். இவருக்கு ஏஎல்டி ரொம்பக் கூட. குடி மாதிரித் தெரியல. இத மட்டும் வச்சு முடிவா சொல்ல ஏலாது, வைரஸ் இருக்கான்னும் பாப்போம். வேற ஏதும் மருந்து குடிக்கிறாரா?"

இவர் தரையைப் பார்த்தார். நானும்தான். சொன்னால் அண்ணன் வந்துவிடுவார். சொல்லாவிட்டால் இவரே போய்விடுவார். சொல்லிவிட்டேன்.

"இன்னையோட நிப்பாட்டுங்க."

வாங்க: சீனி, இவருக்குச் சாறு பிழியத் தோடம்பழம், சாம்பிராணி.

பொழுது சாய்ந்ததும் வாசலில் இருமல். அண்ணன் இருமுவது மாதிரியே. கதவைத் திறக்கவில்லை. இவரும் கேட்டிருப்பார், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

ஒக்டோபர் 18, வெள்ளி

நல்ல வெயில். மறுபடி எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் வந்தது. வைரஸ் இல்லை. ஏஎல்டி பாதிக்குமேல் இறங்கிவிட்டது. இவர் ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுப்படியில் நின்று அழுதேன்.

மிச்சக் கஷாயத்தை வாசலோரச் சாக்கடைக் கானில் ஊற்றினேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா கிட்டே வந்தார்.

"என்னா இது?"

சொன்னேன். குனிந்து மோந்தார். அப்படியே கானோரம் உட்கார்ந்துவிட்டார்.

"இடுப்பு வலிக்குன்னு பூசாரி எங்க வீட்டுக்காரருக்கும் இதத்தானே குடுத்தாரு. நான்தான் ஊத்திக் குடுத்தேன், தங்கச்சி. கடைசி வரைக்கும்."

நானும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"குடிக்கலடி, குடிக்கலடின்னு சொல்லிக்கிட்டே போனாரு. நான் நம்பல. இந்த டெஸ்ட்டு எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

அவருக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. தெரியாது அக்கா என்றேன்.