பொள்ளாச்சியில் டிக்கெட் எடுத்தால் போதும்

3 நவம்பர் 2025, திங்கள்

இந்த வாரம் கைக் கன்சோலுக்கு ஐந்து புது வீடியோ கேம்கள் வருகின்றன. ஒரு கார் பந்தயம், போன வருடத்துக் காருக்கே புதுப் பெயின்ட். ஒரு பேய் மாளிகை. சமையல் செய்தே ராஜ்யத்தைக் காப்பாற்றும் ஒன்று. வாள் சுழற்றும் ஒன்று. ஐந்தாவது நவ்யாவுடையது.

நவ்யாவுடையது! காலேஜில் என் பக்கத்தில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தவள். கோயம்புத்தூர் வடவள்ளியில் ஒரு மாடி அறையில் அவளும், படம் வரைகிற யஷ்வந்த்தும் மட்டும் மூன்று வருடமாகச் செய்தது. காலையில் போனில், "உங்க சேனல்ல வருமாடி?" என்று கேட்டாள். வராமல் எப்படி?

உங்க சேனல் என்றாள். எங்கள் சேனலா அது? 'வெள்ளி விளையாட்டு' என் கணவர் சாயின் பெயரில்தான் இருக்கிறது. அவர் கணபதியில் என் மாமனாரின் பம்ப் கம்பெனிக்குப் போன பிறகு நான் விளையாடுவேன். புதனுக்குள் எழுதுவேன். வியாழன் சாயங்காலம் நான் எழுதியதை அவர் கேமரா முன் பேசுவார். வெள்ளிக்கிழமை வெளியாகும். லட்சம் பேருக்கு மேல் அவரைச் சாய் அண்ணா என்கிறார்கள். தேஜஸ்ரீ என்று ஒருத்தி இருப்பது அதில் ஒருவருக்கும் தெரியாது.

ஆரம்பத்தில், கொஞ்சம் பேர் மட்டும் பார்த்தபோது, இரண்டு பேரும்தான் பேசினோம். என் முகத்தையும் உடம்பையும் பற்றி வீடியோவுக்கு அடியில் எழுதினார்களே, அதைப் படித்துவிட்டு, "நீ கேமராவுக்குப் பின்னாடி இரு தேஜு, உனக்கெதுக்கு இந்தச் சாக்கடை" என்றார். அக்கறை என்று நினைத்தேன். அக்கறையாகவும் இருந்திருக்கலாம்.

4 நவம்பர், செவ்வாய்

நவ்யாவின் கேம். பெயர் 'நாற்பதாவது வளைவு'. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு மலையேறும் கடைசி பஸ்ஸின் டிரைவர் நாம். துப்பாக்கி இல்லை, பாயின்ட் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள், பேசுவார்கள். மூடுபனி வரும். அவ்வளவுதான்.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பஸ் ஓட்டவா மூன்று வருடம்? அப்புறம் ஒரு வளைவில் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டைச் சேர்ந்த ஒரு அம்மா, கையில் பிளாஸ்கும் ஆஸ்பத்திரிப் பையும், நிறுத்தமே இல்லாத இடத்தில் கை காட்டினாள். நிறுத்தினால் பஸ்ஸுக்குள் எல்லோரும் திட்டுவார்கள். நான் நிறுத்தவில்லை. கேம் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, தண்டனையும் இல்லை. பக்கக் கண்ணாடியில் அவள் மட்டும் சின்னதாகிக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

குறைகளும் உண்டு. நடுவில் இழுக்கிறது. அந்தக் குட்டிப் பட்டன்களில் ஸ்டீயரிங்கை ஒடித்து ஒடித்துக் கட்டை விரல் வீங்கிவிட்டது. அதையும் எழுதுவேன். தோழி என்பதற்காக விடமாட்டேன்.

5 நவம்பர், புதன்

வாள் கேம் குப்பை. மாளிகைப் பேய் என்னைப் பார்த்துப் பயப்படுகிறது.

அத்தை அறைக்குள் வந்து, "அம்மணி, அந்தப் பொட்டிய வெச்சுபோட்டு வந்து கொத்தவரங்காய நறுக்கு. பையன் கம்பெனியில கெடந்து சாவறான், நீ இங்க விளையாடிட்டிருக்கற" என்றார். இது வேலை என்று அவருக்குத் தெரியாது. சாய் சொன்னதில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

6 நவம்பர், வியாழன்

நவ்யாவின் கேமுக்கு எழுதியது எனக்கே பிடித்திருந்தது. இப்படி ஆரம்பித்தேன்: "வால்பாறைக்கு பஸ் ஓட்ட எதுக்குங்க கன்சோலு? பொள்ளாச்சியில டிக்கெட் எடுத்தா போதுமே, வாந்தியோட சேத்தி எல்லாம் ஃப்ரீயாக் கெடைக்கும் — இப்படித்தான் நானும் நெனச்சேன். அந்தப் பிளாஸ்க்கு அம்மாவ ரோட்டுல விட்டுட்டுப் போற வரைக்கும்." முதலில் சிரிக்கவைத்து உள்ளே இழுப்பது, பிறகு மெதுவாகச் சொல்வது.

மாடி அறையில் பதிவு. சாய் அருமையாகப் பேசினார். பிளாஸ்க் அம்மாவைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திய விதம்... கேமை அவர் கையால் தொட்டதுகூட இல்லை என்று யாரும் நம்பமாட்டார்கள். இந்த மனுசனைத்தானே கட்டிக்கொண்டேன் என்று ஒரு நிமிடம் கர்வமாக இருந்தது. எடிட்டிங்கை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கக் கீழே போய்விட்டேன்.

7 நவம்பர், வெள்ளி

"...வாந்தியோட சேத்தி எல்லாம் ஃப்ரீயாக் கெடைக்கும்." அங்கேயே வெட்டு. கூட்டம் சிரிக்கிற சத்தம். ஒரு பஸ் பள்ளத்தில் உருளும் படம். அடுத்தது கார் பந்தயம்.

அவ்வளவுதான். பிளாஸ்க் அம்மா இல்லை. கண்ணாடி இல்லை. 'நானும் நெனச்சேன்' கூட இல்லை.

சாய் மழையில் நனைந்து வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

"ஏனுங்க, மீதி எங்க போச்சு?"

"நீளமா இருந்துச்சு தேஜு. அந்த இடத்துல எல்லாம் தள்ளிட்டுப் போயிருவாங்க."

"நல்ல கேமுங்க அது. நவ்யா பண்ணுனதுன்னு உங்களுக்குத் தெரியுமல்லங்க."

"தெரியும். அதுக்காக? நான் எதையாச்சும் சேத்தியிருக்கறனா? ஒரு வார்த்தை? எழுதுனது நீதான?"

நான்தான். ஒவ்வொரு வார்த்தையும் நான்தான்.

8 நவம்பர், சனி

அந்தத் துண்டை மட்டும் தனியாக வெட்டிப் போட்டிருக்கிறார். முழு வீடியோவைவிட அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். உடுமலையிலிருந்து என் சித்தி மகள்கூட எனக்கே அனுப்பிச் சிரிக்கிறாள்.

நவ்யா போனை எடுக்கவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

வடவள்ளிக்குப் போனேன். யஷ்வந்த் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். நவ்யா தலைகூட வாரியிருக்கவில்லை. வாங்கியவர்கள் பாதிப் பேர் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றாள். கேமைத் திறக்காதவர்கள்கூட அதன் பக்கத்தில் வந்து 'வாந்தி எங்கே' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

"மொத வரியிலயே தெரிஞ்சுபோச்சு தேஜு. சாய்க்கு அப்படியெல்லாம் பேச வராது. அது உன் வாய்."

போனில் இருந்த முழுசையும் காட்டினேன். கடைசி வரை பொறுமையாகப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கற. இதைப் படிச்சது நான் ஒருத்தி."

"அவரு வெட்டுவாருன்னு எனக்கு எப்படி நவ்யா தெரியும்?"

"நீ ஏன் அவருகிட்டக் குடுத்த? உனக்கு வாயில்லையா? முகமில்லையா?"

கிளம்பி வந்துவிட்டேன். மருதமலை ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் மேல்தான் கோபம் வந்தது. என்ன நியாயம்? கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த அசிங்கத்தையெல்லாம் அவளா வாங்கினாள்? வீடு வந்து சேரும் வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். சேர்ந்த பிறகு திட்ட முடியவில்லை.

10 நவம்பர், திங்கள்

சாயிடம் முழு விமர்சனத்தையும் போடச் சொன்னேன். அவர் முகத்தோடே போடட்டும், நான் பேர் கேட்கவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். போன வார கேமை அடுத்த வாரம் யார் பார்ப்பார்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

13 நவம்பர், வியாழன்

இந்த வாரம் நான் எழுதவில்லை.

விளக்கெல்லாம் போட்டு, சட்டை மாற்றி, தலை சீவி உட்கார்ந்துவிட்டு, "எங்க தேஜு?" என்று கை நீட்டினார்.

"எழுதலீங்க."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்குது."

சத்தம் கேட்டு அத்தை மேலே வந்துவிட்டார். என்னவென்று கேட்டார். முதல் முறையாகச் சொன்னேன் — இத்தனை நாள் இவர் பேசியது அத்தனையும் நான் விளையாடி நான் எழுதியது என்று. அத்தை மகனைப் பார்த்தார். அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், என்ன முட்டாள்தனம்!

"அப்ப எழுதிக் குடுத்துரு கண்ணு. அவம்பேரு கெட்டுப்போயிரும்ல?"

குரலில் கொஞ்சம்கூடக் கடுப்பில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

14 நவம்பர், வெள்ளி

கேம் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய விளம்பரத்தையே சாய் வாசித்துவிட்டார். ஒரு கேமில் இல்லாத குதிரையை இருக்கிறது என்கிறார். இன்னொன்றில் இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாமாம், முடியவே முடியாது.

பார்த்தவர்கள் எண்ணிக்கை எப்போதையும்விடக் கூடுதல். 'இந்த வாரம் சும்மா நச்சுன்னு இருந்துச்சு அண்ணா, இழுக்காம.'

இழுக்காமல். இழுத்ததெல்லாம் நான்.

17 நவம்பர், திங்கள்

"நானே பேசி நம்ம சேனல்ல போடறனுங்க" என்றேன். "சேனல் எம்பேர்ல இருக்குது. ஊட்டுச் சண்டைய ஊருக்குக் காட்டோணுமா?" என்றார். சண்டையையா காட்டுகிறேன் என்றேன்? ஒரு கேமைத்தானே!

19 நவம்பர், புதன்

அவர் கம்பெனிக்குப் போன பிறகு, மாடி அறையில், ஜன்னல் வெளிச்சத்தில், போனைப் புத்தகங்களின் மேல் சாய்த்துவைத்துப் பேசினேன். "வணக்கமுங்க, எம்பேரு தேஜஸ்ரீ." கேமரா இந்தப் பக்கம் திரும்பியிருந்தது விசித்திரமாக இருந்தது. 'நாற்பதாவது வளைவு', முழுசாக. வாந்தி ஜோக்கையும் சொன்னேன், என்னுடையதுதானே. கட்டை விரல் வீங்கியதையும் சொன்னேன். புதுசாக ஒரு சேனல் ஆரம்பித்துப் போட்டுவிட்டேன். நவ்யாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

20 நவம்பர், வியாழன்

சாக்கடை வரும் என்று தயாராக இருந்தேன். அதுகூட வரவில்லை. வந்தது இதுதான்:

'இந்தக்கா அப்படியே சாய் அண்ணா மாதிரியே பேசுது. அதே ஜோக்கு. சொந்தமா யோசிங்க அக்கா.'

'காப்பி.' 'காப்பி.' 'சாய் அண்ணா கேஸ் போடுங்க.'

சாய் சாப்பிட்டுக்கொண்டே அதைப் படித்தார். "பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். "'காப்பி இல்லைங்க, அவ எழுதுனதுதான்'னு அங்கயே ஒரு வரி போடுங்க" என்றேன். "ஒரே ஒரு வரி. உங்க பேர்ல."

சோற்றைப் பிசைந்தார். ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

என்னத்துக்கு ஊத்துனேன்? கை பாட்டுக்கு ஊத்துது. அதுக்கும் பழகிப்போச்சு.

22 நவம்பர், சனி

உடுமலை. அப்பா வீடு. கிளம்பும்போது கன்சோலைப் பையில் வைத்தேன். "அது சேனலோடது" என்றார் சாய். எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அவர் தடுத்திருந்தால் இருந்திருப்பேனோ என்னவோ. கன்சோலைத்தான் தடுத்தார்.

25 நவம்பர், செவ்வாய்

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் ஒரம்பரையாக வந்தால் மட்டும் "லீவுக்கு வந்திருக்கறா" என்கிறாள். எதிலிருந்து லீவு?

30 நவம்பர், ஞாயிறு

நவ்யா கூப்பிட்டாள், வரச் சொல்லி. கோயம்புத்தூருக்குப் போய்வந்தேன்.

மாடி அறை காலி. யஷ்வந்த் சென்னைக்குப் போய்விட்டாராம், ஏதோ விளம்பரக் கம்பெனி. இவளுக்குப் பெங்களூரில் ஒரு பேங்க் ஆப்புக்கு வேலை. நாளைக்கு ரயில். அடுத்த கேமுக்கு எழுதிவைத்ததை என்ன செய்தாய் என்று கேட்கப் போனேன், வாயை மூடிக்கொண்டேன்.

"உன் வீடியோ பாத்தேன்" என்றாள். "அந்தக் கண்ணாடியில அவ நிக்கறது... அத நீ மட்டுந்தான் சொன்ன. ஆறு மாசம் அதுக்கே ஆச்சு எங்களுக்கு."

அழுதேன். அவள் அழவில்லை. கேமைச் சோதித்துப் பார்க்க வைத்திருந்த கன்சோலை எடுத்து என் மடியில் வைத்தாள். திரையின் ஓரத்தில் ஒரு கீறல்.

"மன்னிச்சுபோட்டேன்னு நெனச்சுக்காத. இங்க சும்மா கெடக்கும், அவ்வளவுதான்."

"சரி" என்றேன். கீழே வந்து கேட் வரை விட்டாள். போய்ட்டு வா என்று சொல்லவில்லை.

5 டிசம்பர், வெள்ளி

மூன்று கேம். மூன்றையும் முடித்துவிட்டுப் பேசிப் போட்டேன். கொஞ்சம் பேர் பார்த்தார்கள். 'காப்பி' ஒன்றுதான் வந்தது.

12 டிசம்பர், வெள்ளி

காலையில் சாய் போன் செய்தார். இத்தனை நாளில் இதுதான் முதல் முறை. கை துடைத்துவிட்டு எடுத்தேன்.

"தேஜு, இந்த வாரம் அந்தத் தீவு கேம் வந்திருக்குதல்ல. நல்லாருக்குதா? ரெண்டு வரி சொல்லேன். நேத்து ரெக்கார்டிங் பண்ணல, இன்னிக்குப் பொழுதோட பண்ணோணும்."

எப்படி இருக்கிறாய் என்று கேட்பார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"பொழுதோட என் வீடியோ வருதுங்க. அதுல பாத்துக்குங்க."

"அத எத்தனை பேரு பாக்கறாங்க?" குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் போலிருந்தது.

"நீங்க பாத்தா ஒண்ணு கூடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தீவில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. முடிக்காமல் எப்படிச் சொல்வது? ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.