காலர் வைக்காத சட்டை

14.8.1984, செவ்வாய்.

மெட்ராஸுக்கு அனுப்பிய என் ரத்தத்துக்கு இன்று ரிசல்ட் வந்துவிட்டது. கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி தேவைக்கு மேல் ஹார்மோனைக் கொட்டுகிறதாம். கை நடுக்கம், படபடப்பு, உடம்பு இளைத்தது எல்லாம் அதன் வேலைதான். மாத்திரையில் அடங்கும் என்றார் டாக்டர்.

கை நடுங்கி, லேத்தில் கடைந்த இரும்பு ஷாஃப்டுகளை வரிசையாகக் கெடுத்ததால், நான் குடித்துவிட்டு வருவதாகவே கப்பலூர் பட்டறையில் சூப்பர்வைசர் முடிவுகட்டியிருந்தார். இன்னும் ஒன்று கெட்டால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். இன்று டாக்டர் கொடுத்த சீட்டைக் காட்டினேன்.

"முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?" என்றார். எனக்கே தெரிந்தால்தானே! வேலை தப்பியது.

இதை முதலில் கண்டுபிடித்தது டெய்லர் பாய். போன மாதம் சட்டைக்கு அளவெடுத்தவர், என் முந்தைய அளவிருந்த பழைய நோட்டைப் புரட்டினார்.

"தம்பி, மாரு ரெண்டு இஞ்சு கொறஞ்சிருக்கு. கழுத்து மட்டும் ஒரு இஞ்சு கூடியிருக்கு. டாக்டர்ட்ட காட்டுங்க."

"உங்க டேப்பு இழுபட்டுப் போயிருக்கும் பாய்."

"இழுபட்ட டேப்புன்னா எல்லாமே கொறையணும். கழுத்து எப்படிக் கூடும்?"

தினமும் மைக்ரோமீட்டரில் நுண்ணளவு பார்க்கிறவன் நான்; அவர் கணக்கு சரிதான். மறுநாளே டாக்டரிடம் போனேன்.

இன்று சாயங்காலம் பாய்க்கு நன்றி சொல்லப் போனேன். கடையில் என் சட்டை தொங்கியது, காலர் இல்லாமல்.

"இம்புட்டு நாளா என்ன பாய் செஞ்சீங்க?"

"வீங்குன கழுத்துக்குத் தச்சா, வத்துனதும் தொளதொளன்னு நிக்கும். பழைய அளவுக்கு வரட்டும், வச்சுத் தாரேன்."

சரி பாய் என்று சொல்லிவிட்டு, சட்டையை அங்கேயே தொங்கவிட்டு வந்தேன்.